பூனா வண்டி ஓடாது

ஜூலை 1, செவ்வாய்

இது எங்க வீட்டுக்காரவுக டைரி. உரக்கடைக்காரர் வருசா வருசம் கொடுப்பார். எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் தண்ணி திறந்தோம்னு அவுக இதுலதான் எழுதி வைப்பாக. பஞ்சாயத்துத் தண்ணி டேங்க் அவுக பொறுப்பு, கேட்டா காட்டணும்ல. ஜூன் 2 வரைக்கும் அவுக எழுத்து இருக்கு. அதுக்குப் பிறகு வெள்ளைத்தாள். நான் அஞ்சாப்பு வரைதான் படிச்சேன். தப்பும் தவறுமாத்தான் வரும். யாரும் படிக்கப் போறதில்லை.

இன்னைக்கு ஸ்டேஷனுக்குப் போய் அவுக சீட்டைக் கேன்சல் பண்ணினேன். பத்தாம் தேதி பூனா வண்டியில எனக்கும் அவுகளுக்கும் ரெண்டு சீட்டு. பதினாலாம் தேதி திரும்பி வர, மகள் செண்பகத்தையும் சேர்த்து மூணு சீட்டு. மே மாசம் அவுகளே லைன்ல நின்னு எடுத்தது. மகளுக்கு இது தலைப்பிரசவம், எட்டாம் மாசம். பதிமூணாம் தேதி அங்க வளைகாப்பு போட்டு, மறுநாள் கூட்டிட்டு வரணும். பதினேழு ஆடி பிறக்குது. ஆடியில பிள்ளைத்தாச்சியை வீடு மாத்த மாட்டாங்க. ஆடி கழியவும் ஒம்பது முடிஞ்சிரும், ரயில் ஏத்த முடியாது. இந்த ஒரு நடைதான்.

சீட்டை அப்படியே விட்டுட்டுப் போனா என்னன்னுதான் முதல்ல நினைச்சேன். ஆனா வண்டியில டிக்கெட் பார்க்கிறவர் வந்து பேரைக் கூப்பிடுவார். எங்கம்மா ஆளு, வரலையாம்பார். நான் என்னத்தைச் சொல்ல.

கேன்சலுக்கு ஒரு பாரம் எழுதணும்னு சொன்னாங்க. அவுக பேரை இத்தனை வருசத்துல நான் வாயால சொன்னதில்லை. எழுதினதும் இல்லை. இன்னைக்கு எழுதினேன். செல்லையா, ஆண், 56. ஜன்னலுக்குள்ள இருந்த பொண்ணு, இவர் வரலையாம்மான்னு கேட்டுச்சு. வரலைன்னேன். போறதுக்கும் வர்றதுக்கும் புதுசா டிக்கெட் அடிச்சுக் கொடுத்துச்சு. பழசை அதுவே வச்சுக்கிட்டுது. திருப்பித் தர மாட்டாங்களாம்.

செண்பகத்துக்கு அவுக போனது தெரியாது. ஆறாம் மாசம் அவளுக்கு ரத்தம் பட்டு, படுக்கையில கிடந்து எழுந்தவ. இந்த நேரத்துல சொல்லக் கூடாதுன்னு பெரியத்தான் முடிவு பண்ணினாக. அவுக கூடப்பிறந்த மூத்தவர், எங்களுக்கு எல்லாம் அவர் வச்ச சட்டம். மாப்பிள்ளையும் போன்ல அழுதுட்டு, சரிங்க, நானும் காரியத்துக்கு வரலை, வந்தா கண்டுபிடிச்சிருவான்னுட்டார். பிள்ளை பிறந்து முப்பது கழிஞ்சு சொல்லலாம்னு பெரியத்தான் சொல்லுதாக. நான் அப்படி நினைக்கலை. வளைகாப்பு முடிஞ்சதும் அவ கையைப் பிடிச்சுக்கிட்டு நானே சொல்லணும். வேற யார் வாயிலேயும் அவ கேட்கக் கூடாது.

அப்பா ஏன் பேசலைன்னு கேட்டதுக்கு, தொண்டையில கட்டி, சின்ன ஆபரேஷன், ரெண்டு மாசம் பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்னு சொல்லி வச்சிருக்கோம். சொன்னது பெரியத்தான். காப்பாத்துறது நான்.

சாயங்காலம் போன் பண்ணினா. ரொம்பப் பேசலை. வெயிலான்னு கேட்டா. வெயில்தான்னேன்.

ஜூலை 2, புதன்

பீடி இலை நேத்து நனைச்சது பாதி அழுகல். பீடி சுத்த உட்கார்ந்தா கை ஓடலை. நூலு அறுந்துக்கிட்டே இருக்கு.

தண்ணி இப்ப மத்தியானம் வருது. புது ஆளுக்குத் திறக்கவும் தெரியலை, அடைக்கவும் தெரியலை.

செண்பகம் இன்னைக்குப் பேசலை.

ஜூலை 3, வியாழன்

காலையிலேயே கூப்பிட்டா. அப்பாகிட்ட போனைக் கொடுன்னா. பேச மாட்டாகளேட்டின்னேன். அவரு பேச வேண்டாம், நான் பேசுறதைக் கேட்கட்டும்னா. நான் என்ன செய்ய. கொடியில அவுக காக்கிச் சட்டை கிடந்துச்சு. அதுகிட்டப் போய் போனை நீட்டிக்கிட்டு நின்னேன்.

அவ சத்தம் கேட்டுச்சு. காலு வீங்கியிருக்குன்னா. ராத்திரி பிள்ளை ஒரு பக்கமா வந்து முட்டுதுன்னா. ஆம்பளைப் பிள்ளைன்னா உங்க பேரு வைக்க மாட்டேன், பழைய பேரா இருக்குன்னு சொல்லிச் சிரிச்சா.  பிறகு, அப்பா, கேட்குதுன்னா போன்ல ரெண்டு தட்டு தட்டுங்கன்னா.

தட்டினேன்.

சரிப்பான்னு சொல்லி வச்சுட்டா. அதுக்குப் பிறகு நான் சோறு பொங்கலை.

ஜூலை 5, சனி

அவுக இன்னைக்கு முடி வெட்டிட்டு வந்தாகன்னு செண்பகத்துகிட்ட சொன்னேன். ரொம்பக் குட்டையா வெட்டிட்டான், எனக்குப் பிடிக்கலைன்னேன். வளர்ந்துரும்மான்னா.

ஜூலை 6, ஞாயிறு

உளுந்தங்களி கேட்டாக, கிண்டிக் கொடுத்தேன்னு சொன்னேன். எவ்வளவு சாப்பிட்டாருன்னு கேட்டா. ரெண்டு உருண்டைன்னேன். நல்லெண்ணெய் ஊத்துனியான்னா. ஊத்தாமலா. கருப்பட்டி போதலைன்னு சைகையில காட்டினாகன்னேன். அவ 'ம்'னா. கால் மணி நேரம் பேசியிருப்போம். போனை வச்ச பிறகு நிசமாவே களி கிண்டினேன். மீந்து போச்சு.

ஜூலை 8, செவ்வாய்

காலையில ஏழு மணிக்கு போன். செண்பகம். எம்மா, பத்தாம் தேதி வண்டி ஓடாதாம், நீ பதறாதேன்னா. கர்நாடகா பக்கம் மலையில மழை, பாதையில மண் சரிஞ்சு கிடக்காம். டிவியில சொன்னான் போலிருக்கு. இன்னைக்கு அவ அப்பாவைக் கேட்கலை. அவசரத்துல மறந்திருப்பா.

பையைக் கட்டி வச்சிருந்தேன். வளையல் ரெண்டு டஜன், மஞ்சள், முறுக்கு மாவு, அவளுக்குப் பழைய சேலையில தைச்ச பிள்ளைத்துணி பத்து. எல்லாத்தையும் வெளியே எடுத்து வச்சேன். திரும்ப உள்ளே வச்சேன்.

பெரியத்தான் வந்தாக. விசயம் தெரிஞ்சு முகத்துல ஒரு தெளிச்சி. சாமியே வழியை அடைச்சிருச்சு, விட்டுருன்னாக. நாப்பது நாள்கூட ஆகலை, நீ போய் வளைகாப்புல நிக்கிறதும் சரியில்லை, அங்கயே பிரசவம் பார்க்கட்டும்னாக. சம்பந்தியம்மாவும் பேசிட்டாங்களாம். மதினி அலைய வேண்டாம், நாங்க பார்த்துக்கிடுதோம்னு தேனா சொன்னாங்களாம். எனக்கு அது தேனாத் தெரியலை.

பிள்ளை பிறந்து அவ பால் கொடுத்துக்கிட்டு இருக்கும்போது சொன்னா மட்டும் பால் இருக்குமான்னு கேட்டேன். பெரியத்தான் கையை நீட்டினாக. டிக்கெட்டைக் கொடு, ரெண்டையும் நானே கொடுத்துட்டு வாரேன்னாக. ரெண்டும் எங்கிட்டயே இருக்கட்டும்னேன். முதல் தடவை அவர் முகத்தைப் பார்த்துப் பேசினேன்.

ஸ்டேஷன்ல ஒரே கூட்டம். பூனா வண்டிக்கு இருந்தவங்க எல்லாம் அங்கதான். எனக்கு முன்னாடி ஒருத்தர், ராசையான்னு பேரு, அங்க ஓட்டல்ல சப்ளையராம். மழை பெஞ்சது கர்நாடகாவுல, நனைஞ்சது நம்ம டிக்கெட்டுன்னு எல்லாரையும் சிரிக்க வச்சுக்கிட்டு இருந்தார். நான் டிக்கெட்டை நீட்டப் போனேன். கையைப் பிடிச்சு நிறுத்திட்டார்.

"அக்கா, இப்பக் கொடுக்காதீங்க. பணம் திருப்பித் தர கம்ப்யூட்டர்ல இன்னும் ஏறலை. இப்பக் கொடுத்தா நீங்க நிறுத்தினதா ஆகும், பிடிச்சுக்கிட்டுத்தான் தருவான். அவன் நிறுத்தினதா ஏறட்டும். ஒரு பைசா பிடிக்க முடியாது."

ஜன்னல் பொண்ணும் அதையேதான் சொல்லுச்சு. வண்டி கிளம்ப வேண்டிய நேரத்துல இருந்து மூணு நாள் வரைக்கும் டிக்கெட்டைக் கொடுத்து முழுசா வாங்கிக்கலாமாம். நாளைக்கு வாங்கம்மான்னுச்சு. வர்ற டிக்கெட்டைத் தொடாதீங்க, அந்த வண்டி இன்னும் ஓடுறதாத்தான் இருக்கு, அதைக் கொடுத்தா அது நீங்க நிறுத்தினதுன்னு ராசையா சொன்னார்.

பஸ்ல வரும்போது அதையே நினைச்சுக்கிட்டு வந்தேன். நாம நிறுத்தினா பிடிப்பான். அவனா நிறுத்தினா முழுசாத் தரணும். இப்படி ஒரு சட்டம் ரயில்லயாவது இருக்கு.

ஜூலை 9, புதன்

திரும்பவும் ஸ்டேஷன். கம்ப்யூட்டர்ல ஏறியிருச்சு. பாரம் எழுதி டிக்கெட்டைக் கொடுத்தேன், முழுசாத் தந்தாங்க. அதே பொண்ணு. கூட்டம் கொஞ்சம் குறைவு. சும்மா கேட்டேன், உங்களுக்கே நேத்துதான் தெரிஞ்சது, பூனாவுல இருக்கிற என் மகளுக்கு எப்படி ஏழு மணிக்கே தெரியும், டிவியிலயா வந்துச்சுன்னு.

டிவி எதுக்கும்மா, டிக்கெட் எடுக்கும்போது பாரத்துல போன் நம்பர் எழுதியிருப்பீங்க, அந்த நம்பருக்கு மெசேஜ் போகும்னுச்சு. பார்த்துட்டு, கடைசி நாலு 6417ன்னுச்சு.

அது செண்பகம் நம்பர். எங்க ரெண்டு பேருக்கும் இங்கிலீஷ் மெசேஜ் படிக்கத் தெரியாது. எது வந்தாலும் அவளுக்குத்தான் போன் பண்ணிக் கேட்போம். அதனால அவுக அவ நம்பரையே எழுதிக் கொடுத்திருக்காக. கேஸ் சிலிண்டருக்கும் அவ நம்பர்தான்.

ஒண்ணாந் தேதி ஒரு சீட்டை மட்டும் கேன்சல் பண்ணினேனேம்மா, அதுக்கும் மெசேஜ் போயிருக்குமான்னு கேட்டேன்.

"அதுக்கும் போயிருக்கும்மா."

பின்னாடி நின்னவர் நகருங்கன்னார். நகர்ந்தேன். பிளாட்பாரத்துக் குழாய்ல தண்ணி குடிச்சேன். குடிச்சுட்டு அங்கயே உட்கார்ந்தேன். ஒரு வண்டி வந்துட்டுப் போச்சு. எந்த ஊர் வண்டின்னு பார்க்கலை.

அன்னைக்கே, சாயங்காலம்

மெசேஜை எல்லாரும் படிக்கிறதில்லை. அவளும் படிச்சிருக்க மாட்டா.

படிச்சாலும் ஒரு ஆள் வரலைன்னுதானே போட்டிருக்கும். தொண்டை சரியில்லாதவர் எதுக்கு வரணும்னு நினைச்சிருப்பா.

ஆனா ஏன் வரலைன்னு ஒரு வார்த்தை கேட்கலையே.

மூணாந் தேதி ரெண்டு தட்டு தட்டினேன். ஒண்ணாந் தேதிக்குப் பிறகுதான் மூணு.

முடி வெட்டினது, களி, கருப்பட்டி. எல்லாத்துக்கும் 'ம்' போட்டா. எண்ணெய் ஊத்துனியான்னு கேட்டா.

இப்ப போன் பண்ணினா. அப்பா சாப்பிட்டாரான்னா.  அடுப்புல பால் இருக்கு, பிறகு பேசுதேன்னு வச்சுட்டேன். பால் இல்லை அடுப்புல.

ஜூலை 10, வியாழன்

தட்கல்னு ஒண்ணு இருக்கு. முதல் நாள் காலையில பதினொரு மணிக்குத் திறப்பாங்க, கூடக் கொஞ்சம் ஆகும். மெட்ராஸ் போய், அங்கிருந்து வேற பாதையில பூனா போற வண்டி நாளைக்கு மத்தியானம் உண்டுன்னு ராசையா சொல்லியிருந்தார். அந்தப் பாதையில மண் சரியலை. ஆறு மணிக்கே போய் நின்னேன். எனக்கு முன்னாடி நாலு பேர். ராசையா ரெண்டாவது. டிக்கெட் கிடைக்கலைன்னா என்னக்கா செய்வீங்கன்னார். முன்பதிவு இல்லாத பெட்டியில நின்னுக்கிட்டுப் போவேன்னேன். ஒரு பகல் ஒரு ராத்திரி நிப்பீங்களான்னார். நிப்பேன்னேன். என்னை ஒரு தரம் பார்த்துட்டு, அவர் இடத்தை எனக்கு விட்டுட்டு அஞ்சாவதாப் போய் நின்னார். வீட்டுல விசேசமான்னு கேட்டார். மகளுக்கு வளைகாப்புன்னேன். பொட்டில்லாத நெத்தியைப் பார்த்தார். அதுக்கு மேல கேட்கலை.

பெரியத்தான்கிட்ட சொல்லிட்டு வரலை. அவர் சம்சாரம் பெரியக்காகிட்ட மட்டும் சொன்னேன். அவ உள்ளே போய் ரெண்டு முழம் பூவை எடுத்துட்டு வந்து, செண்பகத்துக்கு வச்சுவிடுன்னா. வாடிரும்னேன். வாடினாலும் வச்சுவிடுன்னா.

பாரம் எழுதினேன். பேர் ஆவுடையம்மாள். பெண். 49. ஒரு ஆள். கீழே போன் நம்பர்னு கட்டம் இருந்துச்சு. என் நம்பரை எழுத ஆரம்பிச்சேன். ரெண்டு எண் எழுதிட்டு அடிச்சேன். பாரம் அசிங்கமாப் போச்சு, வேற வாங்கி எழுதினேன். கட்டத்துல செண்பகம் நம்பரை எழுதினேன்.

கிடைச்சுருச்சு. ராசையாவுக்குக் கிடைக்கலை. பரவாயில்லக்கா, முதலாளி நாலு நாள் என்னைத் தேடட்டும், அப்பத்தான் என் அருமை தெரியும்னு சிரிச்சுக்கிட்டே போயிட்டார்.

நான் படியிறங்குறதுக்குள்ள போன் அடிச்சுது.

"எம்மா. எஸ் ஆறு, முப்பதாம் நம்பர். மேல் சீட்டு. உன்னால ஏற முடியுமா?"

"ஏறிருவேன்ட்டி."



"ஒருத்திதானேம்மா?"

"ஒருத்திதான்."

சரிம்மா, பார்த்து வான்னா. வச்சுட்டா. வெயில்ல நின்னு அந்தப் போனையே பார்த்துக்கிட்டு இருந்தேன். ஆட்டோக்காரர் எங்கம்மா போகணும்னார். 

மெட்ராஸ் பஸ்சுக்கு நேரமாச்சு. டைரியைப் பையில வைக்கேன்.

ஜூலை 11, வெள்ளி

வண்டியில எழுதுறேன். ஆடுது. மேல் சீட்டுக்கு எதிர்ல இருந்த வடநாட்டுப் பொண்ணு கீழ் சீட்டைக் கொடுத்துட்டு மேலே ஏறிக்கிச்சு. பாஷை தெரியாது, கையைக் காட்டினேன், புரிஞ்சுக்கிட்டுது.

டிக்கெட் பார்க்கிறவர் வந்தார். என் பேரைச் சொன்னார். ஆமான்னேன். போயிட்டார். அவ்வளவுதான்.

நாளைக்கு எப்படி ஆரம்பிக்கன்னு நாலு மாதிரி சொல்லிப் பார்த்தேன். உள்ளுக்குள்ளதான். எதுவும் சரியா வரலை. முதல்ல அவளைச் சாப்பிட வச்சிரணும்.

வளைகாப்பு வரை பொறுக்கணும்னுதான் நினைச்சிருந்தேன். அவ கையில வளையல் ஏறும்போது அவளும் நானும் பொய்யா நிக்கணுமா. தெரியலை.

பூ வாடுது. ஈரத்துணி சுத்தி வச்சிருக்கேன்.

ஜூலை 12, சனி

பூனா. சம்பந்தி வீட்டுல எல்லாரும் நாளைக்குப் பலகாரத்துக்கு அடுப்பைப் பத்த வச்சுக்கிட்டு இருக்காங்க. நான் சமையக்கட்டுப் பக்கம் போகலை. யாரும் கூப்பிடவும் இல்லை. மாடிப்படியில உட்கார்ந்து எழுதுறேன். செண்பகம் பக்கத்து அறைக் கட்டில்ல தூங்குறா.

வண்டி ஒரு மணி நேரம் லேட்டு. ஸ்டேஷனுக்கு மாப்பிள்ளை மட்டும் வருவார்னு நினைச்சேன். அவளும் வந்து நிக்கா, அந்த வயித்தோட. என்னைப் பார்த்ததும் ஓடி வரலை. நான் இறங்கி, பையை இறக்கி, நிமிர்ந்து பார்க்கேன், அவ எனக்குப் பின்னாடி பார்த்துக்கிட்டு நிக்கா. பெட்டி வாசலையே பார்த்தா. ஒவ்வொருத்தரா இறங்கினாங்க. கடைசி ஆளு இறங்கி, கூட்டுறவர் துடைப்பத்தோட உள்ளே ஏறுற வரைக்கும் பார்த்தா. அப்புறம்தான் என்னைப் பார்த்தா.

வீடு வரைக்கும் பொறுக்கணும்னு இருந்தேன். முடியலை.

"அப்பா இல்லட்டி."

"தெரியும்மா."

"ஜூன் மூணாந் தேதி."

தேதி அவளுக்குத் தெரியலை. விரலை மடக்கி எண்ணினா. முப்பத்தொம்பது நாளான்னா. அப்பத்தான் அவளுக்கு அழுகை வந்துச்சு. மாப்பிள்ளை அந்தப் பக்கம் திரும்பி, வண்டி நேரம் போடுற பலகையைப் பார்த்துக்கிட்டு நின்னார். ஒரு மணி நேரமா அதைத்தான் பார்த்தார், பாவம்.

பெஞ்சுல உட்கார வச்சேன். ஒரு வாழைப்பழத்தை உரிச்சுக் கொடுத்தேன். சாப்பிட்டா. எங்கிட்ட எதுக்கும்மா நீ இவ்வளவு பொய் சொன்னேன்னு கேட்பான்னு பயந்தேன். கேட்கலை. நீயும் ஏன்ட்டி என்னைச் சொல்ல விட்டேன்னு நான் கேட்க நினைச்சேன். நானும் கேட்கலை.

அவ வேற கேட்டா. எத்தனை மணிக்கு. எங்க வச்சு. கூட யாரு. என்ன சட்டை போட்டிருந்தாரு. காப்பி குடிச்சுட்டுப் போனாரா. ஒவ்வொண்ணாக் கேட்டா. ஒவ்வொண்ணாச் சொன்னேன். இதை எல்லாம் இதுவரை யாரும் எங்கிட்ட கேட்கலை. வந்தவங்க எல்லாம் விதிம்மான்னுட்டுப் போயிட்டாங்க.

காலையில அஞ்சரைக்கு நம்ம தெருவுக்குத் திறந்து விட்டுட்டு, டேங்க் படியில உட்கார்ந்திருக்காக. அப்படியே சாஞ்சுட்டாக. யாரும் பார்க்கலை. எப்பவும் அரை மணி நேரத்துல தண்ணி நின்னுரும்ல. அன்னைக்கு நிக்கலை. எட்டு மணி வரைக்கும் அடைக்க ஆள் இல்லாம ஓடுச்சு. தெருவே சந்தோசமாப் பிடிச்சுது. அண்டா, வாளி, சின்னப் பிள்ளைக டம்ளர் வரைக்கும். நம்ம வீட்டு ஆளு மனசு வச்சுட்டாருன்னு என்னைக் கேலி பண்ணினாங்க. நானும் சிரிச்சுக்கிட்டே பிடிச்சேன்னு சொன்னேன். இதைச் சொல்லும்போது அவ முகத்தைப் பார்க்கலை.

"நீ எத்தனை குடம் பிடிச்சே?"

"பதினொண்ணு."

"அந்தத் தண்ணியை என்னம்மா செஞ்சே?"

அதுலதான் அவுகளைக் குளிப்பாட்டினோம்னு சொன்னேன். குறையில்லாம ஊத்தினோம், தலையில இருந்து கால் வரைக்கும், மிச்சம்கூட இருந்துச்சுன்னேன்.

அவ என் கையை எடுத்து வயித்து மேல வச்சுக்கிட்டா. உள்ளே பிள்ளை ஒரு பக்கமா முட்டுச்சு.

இன்னும் கேளுட்டின்னேன்.